பாலினேசியத் தீவுகளுக்குப் பறக்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டஹிட்டி, போரா போரா, ராங்கிரோவா, மார்க்கேசஸ் நான்கையும் பத்து நாட்களில் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், பெரும்பாலும் விமான ஜன்னல் வழியாக. தென் பசிபிக்கில் இருக்கும் பிரெஞ்சு பாலினேசியாவின் தீவுகள் சுமார் 50 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் சிதறிக் கிடக்கின்றன. டஹிட்டியின் பப்பீட்டேயிலிருந்து மார்க்கேசஸின் நுக்கு ஹிவாவுக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஏடிஆர் ரகச் சிறு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியதும் ஊர் வந்துவிடாது. ஓடுபாதை தீவின் வறண்ட வடமேற்கு மூலையில் இருக்கிறது. தீவின் முக்கிய ஊரான தையோஹேவுக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வண்டியில் குலுங்க வேண்டும். போதாக்குறைக்கு, மார்க்கேசஸ் கடிகாரம் டஹிட்டியைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். பத்து நாட்கள்தான் என்றால் ஒன்றைக் கைவிடுங்கள். நானாக இருந்தால் போரா போராவைத்தான் விடுவேன். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: பயணத் திட்டத்தை எந்தத் தீவிலிருந்து போடத் தொடங்குவது?

பதில்: எந்தத் தீவுக்கு விமானம் மிகக் குறைவோ, அங்கிருந்து. போரா போராவுக்குத் தினமும் பல விமானங்கள் உண்டு. காம்பியர் தீவுக்கூட்டத்தின் மங்கரேவாவுக்கு வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. அந்த நாட்களை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற தீவுகளை இடையில் செருகுங்கள். தொலைவான தீவுகளை முதலில் முடித்து, பப்பீட்டேக்கு அருகில் உள்ளவற்றைக் கடைசியில் வையுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு டஹிட்டியிலேயே தங்கிவிடுங்கள். தீவுகளுக்கிடையே பறப்பது ஏர் டஹிட்டி; வெளிநாட்டுக்குப் பறப்பது ஏர் டஹிட்டி நுயி. பெயர் ஒட்டினாலும் நிறுவனங்கள் வேறு. தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், மழையில் சிறு விமானம் தாமதமாகிப் பெரிய விமானம் தவறும்போது செலவு உங்கள் தலையில்தான் விழும். பல தீவுகளுக்கும் சேர்த்து ஏர் டஹிட்டி விற்கும் பாஸ்களும் உண்டு. தனி டிக்கெட்டுகளின் மொத்த விலையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபகரவா தீவில் காலையில் ஸ்கூபா டைவிங், மாலையில் விமானம். சரிப்படுமா?

பதில்: கூடவே கூடாது. பல முறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். நான் 24 என்றே சொல்வேன். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். கடைசி நாளைக் கரையில் சும்மா உட்காருவதற்கென்றே ஒதுக்குங்கள்.

கேள்வி: சமோவாவின் அபியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போகிறோம். விடுதிக்காரர் தேதி தவறு என்கிறார்!

பதில்: அவர் சொல்வதே சரி. இரண்டுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு போகிறது. நேர வித்தியாசம் சரியாக 24 மணி நேரம். திங்கள் காலை பத்து மணிக்குக் கிளம்பினால், ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணத்தில் ஞாயிறு காலை போய் இறங்குவீர்கள். ஆகவே விடுதியில் ஞாயிறு இரவுக்கும் அறை வேண்டும். திரும்பும்போது ஒரு நாள் பறிபோகும். சமோவா 2011-இல் டிசம்பர் 30-ஐயே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டுக் கோட்டின் மேற்குப் பக்கம் தாவியதால் வந்த வினை இது.

கேள்வி: டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு விமானம் உண்டா?

பதில்: இல்லை. அன்று ஓய்வுநாள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கடைகளும் அடைத்திருக்கும், சனிக்கிழமையே சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் டஹிட்டிக்குப் போதுமா?

பதில்: போதாது. பிரான்ஸுக்குச் சொந்தமானாலும் பிரெஞ்சு பாலினேசியா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் சேராது. விண்ணப்பிக்கும்போதே அங்கு போவதைக் குறிப்பிடுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகப் போகும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு, விமானம் மாறுவதற்கு மட்டுமென்றாலும் அமெரிக்க விசா தேவை.

கேள்வி: பிட்கெய்ர்ன் தீவுக்கு விமானம் எப்போது?

பதில்: அங்கே ஓடுபாதையே கிடையாது. மங்கரேவா வரை பறந்து, விமான நிலையம் இருக்கும் குட்டித் தீவிலிருந்து படகில் மங்கரேவாவின் ஊரான ரிக்கிட்டேயாவுக்கு வந்து, அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கடல்தான். கப்பல் தேதி உறுதியான பிறகே விமான டிக்கெட் எடுங்கள்.