ஆம்ப் ஊமையானால் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். போன மாதம் கோயில் திருவிழாக் கச்சேரியில் இரண்டாவது பாட்டிலேயே என் வால்வு ஆம்ப் (கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஊமையாகிவிட்டது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் கிதாரை நேராக மிக்சரில் செருகினார். சத்தம் வந்தது, ஆனால் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல. மறுநாள் வீட்டில் போட்டுப் பார்த்தால் ஆம்ப் ஒழுங்காகப் பாடுகிறது! 25,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். ஸ்பேராக இன்னொரு ஆம்ப் வாங்கிவிடட்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். வேனில் இடமும் போகும், உங்கள் முதுகும் போகும். அதைவிட, இரண்டு ஆம்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருக்கும். திருவிழா மேடையில் சீரியல் செட், ஃபோகஸ் லைட், மைக் செட் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஜெனரேட்டரில்தான் ஓடும். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 350, 400 என்று ஏறிவிடலாம். முதல் ஆம்பைத் தீர்க்கும் கரண்ட் இரண்டாவதை மட்டும் விட்டுவைக்குமா? ஸ்பேர் என்பது அந்தப் பிளக்கை நம்பாமல் ஓடவேண்டும். (ஜெனரேட்டரே நின்றால் மொத்தக் கச்சேரியும் நிற்கும். அது கமிட்டிக்காரர்கள் கவலை.)

மிக்சரில் நேராகப் போட்டபோது சத்தம் ஏன் அப்படி மங்கியது? கிதார் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சுமார் 10 லட்சம் ஓம் உள்ளீட்டு மின்தடை வேண்டும். மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் அது பெரும்பாலும் பத்து, இருபதாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும், அதனால் மேல் ஸ்வரங்களின் கூர்மை அங்கேயே செத்துவிடுகிறது. டிஸ்டார்ஷன் பெடலை நடுவில் வைத்தால் வேறு தொல்லை. கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பகுதியை வெளியே விடாது. கூட்டத்துக்கு வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விட்டுவிடும், காது கூசும்.

இரண்டுக்கும் சேர்த்து மருந்து, ஸ்பீக்கர் சிமுலேஷன் (கிதார் ஸ்பீக்கர் போலவே கூசும் சத்தத்தை வடிகட்டுவது) உள்ள ஒரு ப்ரீஆம்ப் பெடல். 1989-இல் டெக் 21 கொண்டுவந்த சான்ஸ்ஆம்ப் இந்த வகைக்கு முன்னோடி. ஜோயோ அமெரிக்கன் சவுண்ட் போன்ற மலிவானவையும் கோயில் மேடைக்குத் தாராளமாகப் போதும். வாங்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: அனலாகாக இருக்கவேண்டும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடவேண்டும். டிஜிட்டல் பெட்டிகள் கரண்ட் அதிகம் குடிக்கும், கச்சேரி முடியும்வரை பேட்டரி தாங்காது. கூடவே ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ், அதாவது பெடலின் சிக்னலை மிக்சரின் மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அதற்குப் பேட்டரியும் வேண்டாம், அடாப்டரும் வேண்டாம். இவை போக மிச்சப் பணத்தில் நல்ல கேபிள்கள் வாங்குங்கள்.

ஆனால் பெட்டி பையில் இருந்தால் மட்டும் ஆகாது. கச்சேரிக்கு முன்பே டிஐயிலிருந்து மிக்சருக்கு ஒயர் போய்ச் சேர்ந்து, அந்தச் சேனல் மியூட்டில் இருக்கவேண்டும். 'ஹலோ மைக் டெஸ்ட்' முடிந்ததும் சவுண்ட்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு பல்லவியை அதிலேயே வாசித்து லெவல் வைத்துவிடுங்கள். பின்னால் ஆம்ப் இருக்காது, அதனால் மானிட்டரிலும் (உங்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர்) உங்கள் கிதார் வரவேண்டும். இதைச் செய்யாமல் பாட்டு நடுவில் கையைக் காட்டினால் அவர் எந்த ஃபேடரை ஏற்றுவார்?

ஆம்ப் ஊமையானதும் பெடல் வரிசையைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் கேபிளில் கிதாரை நேராக ஆம்பில் போடுங்கள். பல நேரம் குற்றவாளி கேபிளோ பெடல் அடாப்டரோதான். அப்போதும் வரவில்லையென்றால் தாமதிக்காமல் ப்ரீஆம்புக்கு மாறிவிடுங்கள், ஆராய்ச்சி இடைவேளையில்.

சரி, உங்கள் ஆம்புக்கு என்ன? விளக்கு எரிந்ததால் மெயின் ஃபியூஸ் போகவில்லை. உள்ளே வால்வுகளின் உயர் வோல்டேஜுக்கென்று தனியாக இருக்கும் ஹெச்.டி. ஃபியூஸ் போயிருந்தால் மறுநாள் பாடியிருக்காது. என் சந்தேகம், பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை ஆம்பின் நடுவில் செருகும் 'செண்ட்', 'ரிட்டர்ன்' ஜாக்குகள்) இருந்தால் அதன் 'ரிட்டர்ன்' ஜாக் மேல்தான். அதில் எதுவும் செருகாதபோது சிக்னலைக் கடத்த உள்ளே சின்ன உலோகப் பட்டை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதில் களிம்பு பிடித்தால் ஒருநாள் தொடும், ஒருநாள் தொடாது. அடுத்த முறை 'செண்ட்'டிலிருந்து 'ரிட்டர்ன்'னுக்கு ஒரு குட்டி பேட்ச் கேபிளைப் போட்டுப் பாருங்கள், சத்தம் வந்துவிட்டால் ஜாக்தான். நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கலாம். சர்வீஸ்காரர் எடுத்த எடுப்பில் வால்வு செட்டையே மாற்றவேண்டும் என்றால், முதலில் அந்த ஜாக்கைத் துடைத்துவிட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.