சிஸ்பிளாட்டின் ஏற்றும்போது சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

கேள்வி: என் அப்பாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றப்போகிறார்கள். சிறுநீரகம் கெடாமலிருக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவைப் பிணைத்துக் கொல்கிறது. சிறுநீரக நுண்குழாய்ச் செல்களோ ஓசிடி2 என்ற புரதத்தின் வழியாக அதே மருந்தை இரத்தத்திலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டு இடத்திலும் செல் சாகும் விதம் பெரும்பாலும் ஒன்றே என்பதால், சிறுநீரகத்தைக் காக்கும் பொருள் கட்டியையும் காத்துவிடக்கூடும். குளூட்டாதயோன், அசிட்டைல்சிஸ்டைன் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்களில் உள்ள கந்தகம், சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினத்தோடு ஒட்டி மருந்தையே முடக்கவல்லது. குழந்தைகளின் செவித்திறனைக் காக்க 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கந்தகம் கொண்ட சோடியம் தயோசல்ஃபேட் மருந்தைக்கூட, சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துத்தான் செலுத்துகிறார்கள். அதுவும் நோய் பரவாத கட்டிகளுக்கு மட்டும்.

உண்மையில் கைகொடுப்பது சலைன்தான். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள். அதில் மெக்னீசியம் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சிஸ்பிளாட்டின் மெக்னீசியத்தைச் சிறுநீரில் விரயமாக்கும். அது குறைந்தால் சிறுநீரகச் சேதமும் கூடும், தசைப்பிடிப்பும் மரமரப்பும் வரும், பொட்டாசியமும் எளிதில் ஏறாது. இதயம் பலவீனமானவர் என்றால் முன்பே சொல்லுங்கள், சலைனின் அளவையும் வேகத்தையும் மாற்றுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் வாந்திதான் பெரிய ஆபத்து. இரண்டு, மூன்றாம் நாளில் அது உச்சத்துக்குப் போகும்; உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடி வாங்கும். குமட்டல் இல்லாவிட்டாலும் வாந்தி மாத்திரைகளை எழுதிக்கொடுத்த நாட்கள் முழுவதும் கொடுங்கள். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.

வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ஜென்டமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசியோ, சாயம் ஏற்றிய ஸ்கேனோ வேறு மருத்துவர் எழுதினால், சிஸ்பிளாட்டின் போகிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இரத்தத்தில் காட்டும் கழிவுப்பொருள் கிரியாட்டினின். அதன் உயர்வு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில்தான் தெரியவரும். அடுத்த சுற்றுக்கு முந்தைய நாள் மட்டும் பார்த்தால் இடையில் ஏறி இறங்கியது தெரியாமல் போகலாம். நடுவில் ஒரு பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். உடல் மெலிந்து தசை கரைந்தவருக்கு, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் கிரியாட்டினின் இயல்பாகவே காட்டும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய அவருடைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிறுநீரகம் தாங்காவிட்டால் தவணையைப் பிரிப்பார்கள், அல்லது அதே வகை மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றுவார்கள். எல்லாப் புற்றுநோயிலும் அது ஈடாகாது. விதைப்பைப் புற்றுநோயில் அதன் பலன் குறைவு என்பதால், மாற்றுவதைக் கட்டியின் வகை தெரிந்த புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.