இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எடை நின்றுவிட்டதே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 158 செ.மீ. ஒன்பது மாதங்களுக்கு முன் ஸ்லீவ் முறையில் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய்போல் விடுவது) இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ இருந்தேன், இப்போது 82. மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்த எடை, கடந்த ஏழு வாரங்களாக 82-ஐ விட்டு அசையவில்லை. காலையில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்குக் காபி, நான்கு பிஸ்கட். மதியம் அரைக் கப் சாம்பார் சாதம், கொஞ்சம் பொரியல். மாலையில் மறுபடி காபி, ஒரு சிறு கிண்ணம் மிக்சர். எடை நின்றதிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அரிசிக் கஞ்சி மட்டும் குடிக்கிறேன். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மலச்சிக்கல் வந்ததால் டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரைகளை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். “இவ்வளவு காசைக் கொட்டியும் பாதியிலேயே நின்னுபோச்சே” என்கிறார் மாமியார். இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா? பத்து நாள் கஞ்சி போன்ற நீராகாரமாகவே இருந்தால் அது சுருங்கிவிடும் என்கிறாள் தோழி. செய்யலாமா? இரைப்பை பைபாஸ் செய்துகொள்ள வேண்டி வருமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தியர்களுக்கான அளவுகோலின்படி உங்கள் உயரத்துக்கு 57 கிலோவைச் சரியான எடை என்று வைத்துக்கொண்டால், அறுவை சிகிச்சைக்கு முன் உங்களிடம் 55 கிலோ கூடுதலாக இருந்தது. அதில் 30 கிலோ போய்விட்டது. ஆகவே ‘பாதி’ என்று அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் இந்த அறுவை சிகிச்சை கூடுதல் எடை முழுவதையும் கரைத்துவிடும் என்ற எதிர்பார்ப்புத்தான் சரியில்லை. கூடுதலாக உள்ள எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை குறைந்தாலே மருத்துவர்கள் அதை வெற்றி என்று கொள்கிறார்கள். அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகலாம். நீங்கள் ஒன்பது மாதத்திலேயே அந்த எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். இன்னும் சில கிலோ இறங்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதங்களில் கண்ட வேகம் இனி வராது, அது வரவேண்டும் என்று பட்டினி கிடப்பதால் உங்களுக்கு நன்மையும் இல்லை.

எடை ஏன் நிற்கிறது என்பதற்கு உடலின் பக்கமிருந்து தெளிவான காரணம் இருக்கிறது. 112 கிலோ உடலைச் சுமக்கவும் இயக்கவும் செலவான கலோரி, 82 கிலோ உடலுக்குத் தேவைப்படாது. அதற்கு மேலும், உணவு குறைந்துவிட்டது என்று உணரும் உடல், எடை இழப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வரக்கூடிய அளவைவிடக் கூடுதலாகவே தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண் தன்னார்வலர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வு நிலையில் உடல் செலவழிக்கும் சக்தியோ ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. இரவும் பகலும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். உங்களுக்கு அந்த அளவு பசி இல்லாததற்கு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியை ஸ்லீவ் முறையில் வெட்டி எடுத்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். பசி அடங்கியிருக்கிறது என்பதற்காக உடல் சிக்கனம் பிடிப்பதை நிறுத்திவிடுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரைப்பை விரிந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு குழாய்போல் விடப்பட்டிருக்கும் இரைப்பை, வருடங்கள் போகப் போக ஓரளவு நெகிழ்வது உண்மை. ஆனால் அரைக் கப் சாதத்தோடு மதியச் சாப்பாட்டை முடிப்பதாக எழுதும் ஒருவருக்கு, ஒன்பதாவது மாதத்தில் அதைச் சந்தேகிக்க நான் காரணம் காணவில்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காபியோ தண்ணீரோ குடிக்காமல், வேகவைத்த இரண்டு முட்டைகளை நன்றாக மென்று மெதுவாகச் சாப்பிடுங்கள். இரண்டாவது முட்டை முடிவதற்குள் ‘போதும்’ என்ற உணர்வு வந்துவிட்டால் அறுவை சிகிச்சை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு சிக்கல் எங்கே இருக்கிறது? உங்கள் கடிதத்திலேயே, பதினொரு மணிக்கும் மாலையிலும் இருக்கிறது. சிறிய இரைப்பை எவ்வளவு உள்ளே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துமே தவிர, என்ன உள்ளே போகிறது என்பதை அது பார்ப்பதில்லை. முட்டையும் பனீரும் சுண்டலும் அங்கே தங்கி நேரம் எடுக்கும். பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம் போன்றவை காபியோடு சேர்ந்து கரைந்து, வயிறு நிறைந்த உணர்வைத் தராமலே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஐம்பது கிராம் மிக்சரில் ஏறத்தாழ 250 கலோரி. நடுத்தர அளவு இட்லி நான்கு சாப்பிட்டால் கிடைப்பதும் அதே அளவுதான். நான்கு இட்லியை உங்களால் இப்போது ஒரே வேளையில் சாப்பிடவே முடியாது. மிக்சரைச் சாப்பிட முடிகிறது. நான்கு பிஸ்கட், இரண்டு காபியில் விழும் சர்க்கரை, பால் எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் நாளின் கலோரியில் ஏறக்குறைய பாதி ‘சாப்பாடு’ என்று நீங்கள் கணக்கில் வைக்காதவற்றிலிருந்து வருகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது புரதம். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், பெரும்பாலும் 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலை நான் கூட்டிப் பார்த்தேன்: இட்லி இரண்டில் 4 கிராம், காபிப் பாலில் 6, சாம்பார் சாதத்தில் 4, மிக்சரில் 5, பிஸ்கட்டிலும் கஞ்சியிலும் சேர்த்து 3 அல்லது 4. எப்படிக் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டவில்லை. முட்டை சாப்பிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பட்டியலில் ஒரு முட்டைகூட இல்லை! புரதம் இவ்வளவு குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை கரைந்தால் உடலின் அன்றாடச் செலவு மேலும் குறைகிறது. அதாவது, எடை இறங்கவேண்டும் என்று நீங்கள் விட்ட இரவுச் சாப்பாடு, எடை இறங்குவதற்கு எதிராகவே வேலை செய்கிறது.

ஆகவே நீங்கள் இன்னும் குறைத்துச் சாப்பிட வேண்டாம், மாற்றிச் சாப்பிடுங்கள். காலையில் இட்லியை ஒன்றாக்கி, அதற்கு முன் இரண்டு முட்டை (12 கிராம் புரதம்). பதினொரு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாக, உங்கள் மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒப்புக்கொள்ளும் வே புரதப் பொடி (பாலிலிருந்து எடுப்பது) ஒரு கரண்டி, சர்க்கரை இல்லாமல். பெரும்பாலான பொடிகளில் இது 20 கிராம் தரும். மதியம் 75 கிராம் பனீரை முதலில் சாப்பிடுங்கள், அடுத்து கெட்டியான பருப்பும் காய்கறியும், சாதம் கடைசியில் இரண்டு மூன்று கரண்டி. இலையில் சாதத்தைப் பரப்பி நடுவே குழம்பை ஊற்றிப் பழகிய நமக்கு இந்த வரிசை முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இடம் கொஞ்சம்தான் இருக்கும்போது சாதத்துக்கு முதல் இடம் கொடுத்தால் பருப்புக்கு இடம் இருக்காது. மாலையில் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் உலர்ந்த நிலையில் 20 கிராம் எடையுள்ள சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து மசாலாவில் வதக்கி, ஒரு கப் தயிரோடு சாப்பிடுங்கள். அல்லது பருப்பு தூக்கலாக அரைத்த சின்ன அடை ஒன்று. இத்தனையும் சேர்ந்தால் 65 முதல் 70 கிராம் வரை புரதம் வந்துவிடும். வேர்க்கடலையும் புரதம்தானே என்று யாராவது சொல்வார்கள். நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல் இருப்பதால், உங்களுக்கு அது ஒரு சிறு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சாப்பிடும்போதும், முடித்து அரை மணி நேரம் வரையும் எதுவும் குடிக்காதீர்கள். இடைப்பட்ட நேரங்களில் சிறுகச் சிறுக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் உள்ளே போகட்டும். மலச்சிக்கலுக்கும் பாதி மருந்து அதுவே.

உங்கள் தோழி சொல்லும் பத்து நாள் நீராகாரத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நீராகாரம் இரைப்பையைச் சுருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் சில நாட்களில் உடலில் சேமித்த மாவுச்சத்தும் அதோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுவதால் தராசு முள் இறங்கும்; பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அது ஏறும். தீட்டிய வெள்ளை அரிசிக் கஞ்சியில் தயாமின் என்ற பி1 வைட்டமின் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியிருக்கும் நிலையில் வாந்தியும் சேர்ந்துகொண்டால் நரம்புக் கோளாறுவரை போய்விடலாம்.

மாத்திரைகளை இன்றே மறுபடி தொடங்குவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். முடி கொட்டியதற்கு மாத்திரை காரணம் இல்லை. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியும் வேகமான எடை இழப்பும் சேர்ந்து, மூன்றாவது மாதத்தையொட்டி முடி கொட்டத் தொடங்குவது வழக்கம். பலருக்கு அது தானாகவே நின்று முடி திரும்ப வளரும். உங்களுக்கு ஒன்பதாவது மாதத்திலும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்றால், இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகியவற்றின் குறைவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மலச்சிக்கலுக்கு இரும்பு மாத்திரை காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் வேறு வகை இரும்பைக் கேட்டு வாங்கலாமே தவிர, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துவது சரியல்ல. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், ஒரே தடவையில் இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து. அமிலச் சுரப்பு குறைந்த இரைப்பைக்கு கால்சியம் சிட்ரேட் ஏற்றது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றொன்றை உறிஞ்சவிடாது. நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். காபியோடு இரும்பு மாத்திரை போடுவதும் அதே போல வீண். பி12 விஷயத்தில் உங்களுக்கு இரட்டைச் சங்கடம்: சைவ உணவில் அது சொற்பம், அதை உறிஞ்சத் தேவையான பொருளைச் சுரக்கும் இரைப்பைப் பகுதியும் பெருமளவு போய்விட்டது. மாத்திரையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ அது வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியது.

நடப்பதைத் தொடருங்கள், ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. உங்கள் அறுவை மருத்துவர் அனுமதித்தால் வாரத்தில் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவது என்று தொடங்கலாம். தராசில் தினமும் ஏறுவதை விட்டுவிடுங்கள். மாதவிலக்கை ஒட்டி ஓரிரு கிலோ நீர் சேர்ந்து, உண்மையில் இறங்கிய எடையை மறைத்துவிடும். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் பாருங்கள். மாதம் ஒரு முறை இடுப்பளவை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். எடை அசையாத மாதத்திலும் இடுப்பு குறைந்திருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் அறுவை சிகிச்சை) பற்றி: கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தாலோ, இரண்டு வருடம் முறையாக முயன்றும் எடை போதுமான அளவு இறங்காவிட்டாலோ மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள். உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்களும் ஒன்றிரண்டு வருடத்தில் 32 சதவீத எடையை இழந்து, பத்தாவது வருடத்தில் 25 சதவீத இழப்பில் நின்றார்கள். ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை, ஆனாலும் பைபாஸ் செய்தவர்களுக்கும் எடை ஓர் இடத்தில் நின்று, கொஞ்சம் திரும்பியும் வந்தது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இன்று இழந்திருப்பது ஏறத்தாழ 27 சதவீதம்.

இந்த வாரமே உங்கள் மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்திருந்தாலும் எடை இப்படித்தான் நிற்கும். ஸ்டீராய்டு, மன அழுத்தத்துக்கான சில மருந்துகள் போன்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். போகும்போது ஏழு நாள் சாப்பாட்டுக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். சமைக்கும்போது உப்புப் பார்த்த கரண்டி, குழந்தைகள் தட்டில் மீதம் வைத்ததை ‘வீணாகிறதே’ என்று வாயில் போட்டது எல்லாம் அதில் இருக்கட்டும். தொடர் வாந்தி, தண்ணீர்கூட இறங்காமல் தொண்டையில் நிற்பது, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, கால் மரத்துப்போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் சோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.