மணிக்கட்டில் பிறை

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் பென்னாகரம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. இடது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாக ஒரு பிறை டாட்டூ போட்டுக்கொள்ள ஆசை. கடையில் காட்டிய கேட்லாக்கில் 'பெண்மை, மாற்றம், புது ஆரம்பம்' என்று போட்டிருந்தது. ரூம்மேட் 'அது முஸ்லிம் அடையாளம்டீ' என்கிறாள். அம்மாயியோ, தேய்கிற நிலாவை யாராவது உடம்பில் எழுதுவார்களா என்று சண்டைக்கு வருகிறார். பிறைக்கு என்னதான் அர்த்தம்?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

கேட்லாக் சொல்வது பொய்யில்லை. ரோமானியர்களின் பெண் தெய்வம் டயானா நெற்றியில் பிறை வைத்தவள். கன்னி மரியாளைப் பிறைமேல் நிற்பவளாக வரைந்திருக்கிறார்கள். பெண்மை என்ற அர்த்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருவது. நம்மிடமோ பிறையைத் தலையில் சூடியிருப்பவர் சிவன். உங்கள் ஓசூர் மலைமேல் இருக்கிறாரே சந்திரசூடேஸ்வரர், அவரேதான். தட்சனின் சாபத்தால் நாளுக்கு நாள் தேய்ந்து, இல்லாமலே போக இருந்த சந்திரனை மிச்சமிருந்த கீற்றோடு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் என்பது கதை. ஆக இந்த ஊர்க் கணக்கில் பிறை என்றால் அடைக்கலம். கேட்லாக்கில் அது இல்லாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

உங்கள் ரூம்மேட்டுக்கு வருகிறேன். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பைசாந்தியம் நகரத்துக் காசுகளில் பிறையும் நட்சத்திரமும் உண்டு. அந்த நகரம் கான்ஸ்டான்டிநோபிள் ஆகி, 1453இல் ஒட்டோமான் துருக்கியர் கைக்கு வந்தது. பின்னாளில் அவர்கள் கொடியில் ஏறிய பிறைதான் முஸ்லிம் அடையாளமாக உலகெங்கும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், பச்சை குத்துவதே கூடாது என்பவர்கள் பெரும்பாலான உலமாக்கள், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள். மணிக்கட்டில் பிறை இருப்பதை வைத்து உங்களை யாராவது முஸ்லிம் என்று எடுத்துக்கொண்டால் முதலில் சிரிக்கப்போவது முஸ்லிம்கள்தான்.

2023 மார்ச் 22 யுகாதி. தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகளில் மறுநாள் மாலை பிறை பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 23ஆம் தேதி மாலைப் பிறையோடுதான் ரம்ஜான் மாதமும் பிறந்தது. 24 முதல் நோன்பு. ஒரே கீற்று, இரண்டு பண்டிகை. 24 மாலை வெள்ளி கிரகம் வேறு பிறைக்கு ஒட்டினாற்போல் வந்து நின்று, பாதி ஊர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது யாருடைய பிறை என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக நினைவில்லை.

அம்மாயி சொல்வதைத்தான் நான் லேசில் தள்ள மாட்டேன். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வள்ளுவர் ஒரு குறளே எழுதியிருக்கிறார்.

நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப்
பின்னீர பேதையார் நட்பு (782)

அறிவுள்ளவர் நட்பு பிறை வளர்வதுபோல வளரும், பேதையர் நட்பு முழுநிலவு தேய்வதுபோலத் தேயும் என்கிறார். எனவே நீங்கள் போடப்போவது எந்தப் பிறை என்பது முக்கியம். கேட்லாக்கில் பெரும்பாலும் இருப்பது ஆங்கில 'சி' எழுத்துபோல, இடப்பக்கம் வளைந்த பிறை. வடக்கே ஐரோப்பாவில் விடியலுக்கு முன் கிழக்கில் தெரியும் தேய்பிறைதான் அப்படி இருக்கும். அம்மாயி அந்தப் படத்தைப் பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார்!

நம் மூன்றாம் பிறை அப்படி நிற்காது. பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 12 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் மறைந்த இடத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே நிலா தெரியும். அதனால் ஒளி அடிப்பக்கத்தில் விழுந்து, பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும், கொம்பு இரண்டும் மேலே. மாசி, பங்குனியில் இது துல்லியமாகத் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாயும். இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நம் பக்கத்து நடுகற்களில் பிற்காலத்தவை சிலவற்றின் உச்சியில் சூரியனும் பிறையும் செதுக்கியிருப்பார்கள். சந்திர சூரியர் உள்ளவரை இந்தப் பெயர் நிற்கட்டும் என்பது கணக்கு. தானக் கல்வெட்டுகளும் அதையே எழுத்தில் சொல்கின்றன. கல்யாணப் பெண்ணுக்கு வகிட்டின் இரண்டு பக்கமும் வைக்கிற சூரியப்பிறை, சந்திரப்பிறையும் இதே ஜோடிதான். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பென்னாகரம் போகிற வழியில் இறங்கி ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள். டாட்டூக் கடைக்காரர் காட்டும் படங்களைவிட அங்கே விஷயம் அதிகம்.

சரி, போடுவதென்று முடிவானால்: பிறையை மல்லாக்கப் போடச் சொல்லுங்கள். கையை மடித்து நீங்கள் பார்க்கும்போது நேராக இருக்க வேண்டுமா, கையைத் தொங்கவிட்டால் எதிரில் இருப்பவருக்கு நேராக இருக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள், இரண்டும் தலைகீழ். நட்சத்திரமும் வேண்டுமென்றால் கொம்புகளுக்கு நடுவில் வேண்டாம். அங்கே இருட்டாக இருப்பதும் நிலாதான், அதற்கு முன்னால் எந்த நட்சத்திரமும் வந்து நிற்காது. கொம்பு முனையை ஊசியாகக் கேட்காதீர்கள். வருஷம் போகப் போக மை தோலுக்குள் பரவி முனை மழுங்கும். அம்மாயி கையில் பச்சை இருந்தால் அதன் கோடுகளைப் பாருங்கள், எவ்வளவு பரவும் என்று தெரிந்துவிடும்.