சமூகவியலை அறிவியல் என்று சொல்வது நியாயமா? ஆய்வகமும் இல்லை, சோதனையும் இல்லையே?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் இயற்பியலோ பொறியியலோ படிக்கிறவர் போலிருக்கிறது. நான் சமூகவியலில் முதுகலை முடித்தவன். “அதெல்லாம் ஒரு படிப்பா?” என்று கேட்காத சொந்தக்காரர் யாரும் பாக்கியில்லை, அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

படித்து முடித்த கையோடு ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தேன். ‘வீட்டில் பெரிய செலவுகளை முடிவு செய்வது யார்?’ என்று ஒரு கேள்வி. கணவர், மனைவி, இருவரும் என்று மூன்று கட்டங்கள். மனைவியிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அந்த அம்மா வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கணவர், “ரெண்டு பேரும்னு போட்டுக்கோங்க” என்றார். அந்த அம்மாவும் தலையாட்டினார், நானும் டிக் அடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்த அந்த அம்மா, “தம்பி, அந்தப் பதிலை மாத்தினா ஏதாவது ஆயிடுமா?” என்று மெல்லக் கேட்டார்.

அடித்துவிட்டு மாற்றினேன். நடந்ததை ஓரத்தில் இரண்டு வரி எழுதியும் வைத்தேன். சூப்பர்வைசர் திட்டினார். ஓரத்தில் எழுதுவதை ஏற்றக் கணினியில் இடமில்லையாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறைக்குப் பெயர் வைத்த ஒகுஸ்த் கோம்த் முதலில் ‘சமூக இயற்பியல்’ என்றுதான் சொல்லிவந்தார். 1897-இல் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் தற்கொலை பற்றி எழுதியபோது சோதனை ஏதும் செய்யவில்லை. அரசுப் புள்ளிவிவரங்களை எடுத்து, மதவாரியாக, குடும்ப நிலைவாரியாக ஒப்பிட்டார். புராட்டஸ்டன்டுகளிடம் கத்தோலிக்கரைவிடத் தற்கொலை விகிதம் அதிகம் என்று கண்டார். சோதனை செய்ய வழியில்லாத இடத்தில் ஒப்பீடுதான் எங்கள் ஆய்வகம்.

அதோடு நிற்கவில்லை. 1967-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் அந்தப் புள்ளிவிவரத்தையே கேள்வி கேட்டார்: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று எழுதுவது யார், எந்தக் குடும்பம் அதை மறைக்கும்? உள்ளேயிருந்து குரல் கொடுத்த அந்தக் கணவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார். செயலுக்குப் பின்னால் ஆள் வைத்திருக்கும் அர்த்தத்தையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வற்புறுத்தியதும் இதற்குத்தான். உங்கள் எலெக்ட்ரான் வாசல்வரை வந்து பதிலை மாற்றச் சொல்வதில்லை.

‘ஒரே வீட்டை வைத்துச் சட்டம் பேசுகிறான்’ என்று கிளம்பாதீர்கள். ஒரு வீடு ஆதாரமாகாது என்று எனக்கும் தெரியும். முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கு எண் தேடுகிறவர்களும் எங்கள் துறையில் உண்டு, அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்களுக்குக் கூலி ஃபார்ம் கணக்கில்தான், அலைந்த நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அடித்தல் திருத்தல் இருந்த ஃபார்ம்களைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் ஃபார்மும் அதில் போய்விட்டது.