டாக்டரிடம் கேளுங்கள்: ஒரே நாளில் இரண்டு அம்மோனியா அளவு

அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). காலையில் உளறியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையருகே சின்ன மெஷினில் பார்த்து அம்மோனியா 62 என்றார்கள். மதியம் வெளி லேப் ரிப்போர்ட்டில் 118. எதை நம்புவது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

கல்லீரல் கெட்டால் அம்மோனியா என்ற கழிவு ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் குழப்பும்; அதனால்தான் இந்த டெஸ்ட். முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். மெஷின் லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கிலும், லேப் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலும் தந்திருக்கலாம். அப்படியானால் 118-ஐ 1.7-ஆல் வகுங்கள், 69 வரும். பெரிய வித்தியாசமே இல்லை.

அலகு ஒன்றுதான் என்றால், ரத்தம் எடுத்த விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் பட்டையை இறுக்கி, 'கையை மூடி மூடித் திறங்க' என்று சொல்லி எடுத்தால், தசையிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். எடுத்த பிறகும் குழாய்க்குள் சிவப்பணுக்கள் அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் குழாயை உடனே ஐஸ் தண்ணீரில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீங்கிய திரவத்தை) பிரிக்க வேண்டும். பெங்களூரு டிராஃபிக்கில் பைக்கில் போகும் குழாய்க்கு இது நடக்கிற காரியமா? இந்த டெஸ்ட்டை மட்டும் வீட்டில் வந்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

படுக்கையருகே பார்ப்பதில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் விரலில் குத்தி எடுத்தால் வியர்வையில் உள்ள அம்மோனியா கலந்துவிடும். நரம்பில் எடுத்த ரத்தமே நல்லது.

எண்ணைவிட அப்பாவைப் பாருங்கள். கையை நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை நிற்காமல் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்குக் கொடுக்கும் மலமிளக்கி மருந்தான லாக்டுலோஸின் அளவையும் அம்மோனியாவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதில்லை. தினம் 2-3 முறை இளகலாக மலம் போகிறதா என்பதே கணக்கு. உளறலோடு அம்மோனியா நார்மலாக இருந்தால் சர்க்கரை, சோடியம், கிருமித்தொற்று, தலையில் அடி என்று வேறு காரணம் தேட வேண்டும்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் சிரோசிஸ்காரர்களுக்குச் சரிவருமா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

அது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக வந்தது. ரத்தசோகை அதிகமிருந்தால் தப்பு காட்டும். விரலைப் பிதுக்காமல் முதல் சொட்டை உடனே வைக்க வேண்டும். சிரோசிஸில் உறைய வைக்கும் புரதமும் உறைவதைத் தடுக்கும் புரதமும் சேர்ந்தே குறைவதால், ஐ.என்.ஆர். 1.8 என்றாலே ரத்தம் கொட்டும் என்று அர்த்தமில்லை.