கருப்பு எழுத்து எத்தனை பிளேட்ல இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எழுத்தோட கலர் பத்தித்தான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டேன். பிளேட்னா அச்சு மெஷின்ல ஒவ்வொரு இங்க்குக்கும் தனியா போடுற தகடு. நிறைய பேர் பக்கம் அமைக்கற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறதால மெனு பேரெல்லாம் அதுலருந்தே சொல்றேன். ஸ்க்ரைபஸ், அஃபினிட்டி பப்ளிஷர், குவார்க் வச்சிருக்கறவங்களுக்கு பேர்தான் மாறும், விஷயம் ஒண்ணுதான்.

கேள்வி: ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு லேஅவுட் பண்ணேன். வேர்டுல வந்த மேட்டரை அப்படியே பிளேஸ் பண்ணி பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தேன், ஸ்க்ரீன்ல நல்ல கருப்பாதான் இருந்துச்சு. ஆனா "உங்க எழுத்து நாலு பிளேட்லயும் இருக்கு"ன்னு சொல்லி அச்சகத்துல ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் எந்தக் கலரும் போடலையே?

பதில்: நீங்க போடல, வேர்ட் ஃபைல் கூடவே கூட்டிட்டு வந்திருக்கு. வேர்டுல எழுத்து 'ஆட்டோமேட்டிக்' கலர்ல இருந்தா பொதுவா பிரச்சினை இல்ல, இன்டிசைன் அதைத் தன்னோட பிளாக்காவே எடுத்துக்கும். ஆனா யாராவது கலர் மெனுவைத் திறந்து கருப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலோ, வேற எங்கருந்தாவது காப்பி பண்ணி ஒட்டியிருந்தாலோ அது ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி கருப்பு, அதாவது சிவப்பு பச்சை நீலம் மூணும் பூஜ்யம். அதை அச்சுக்கான சிஎம்ஒய்கேவா, அதாவது சயான், மெஜெந்தா, எல்லோ, பிளாக்னு நாலு இங்க்கா மாத்தும்போது சாஃப்ட்வேர் நாலுலயும் பிரிச்சுக் கொடுத்துடும். அமெரிக்காவுல புழங்குற ஸ்வாப் கோட்டட் புரொஃபைல்ல (புரொஃபைல்னா அச்சுக்கும் பேப்பருக்கும் ஏத்தபடி கலரை மாத்துற கணக்கு) மாத்தினா சயான் 75, மெஜெந்தா 68, எல்லோ 67, பிளாக் 90னு வரும், கூட்டினா 300 சதவீதம் இங்க்.

இது ஏன் இவ்ளோ பெரிய தப்புன்னா, பத்து பாயின்ட் எழுத்தோட கோடு எவ்ளோ மெல்லிசுன்னு யோசிச்சுப் பாருங்க, அந்தக் கோடு மேல நாலு பிளேட்டும் ஒரு முடி அளவு கூட விலகாம உக்காரணும், ஓடுற மெஷின்ல பேப்பர் கொஞ்சம் இழுத்தாலே போதும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்துல சிவப்பாவோ நீலமாவோ ஒரு நிழல் வந்துடும், படிக்கறவங்களுக்கு என்னன்னு தெரியாது ஆனா கண்ணு வலிக்கும். அதோட உங்களுது வெறும் எழுத்து மட்டும் இருக்குற புத்தகம், ஒரே கலர்ல ஓட வேண்டியதுக்கு நாலு பிளேட் போட்டா செலவும் வீண். திருப்பி அனுப்பினவங்க உங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காங்க.

சரி பண்றது சுலபம். ஸ்வாட்சஸ் பேனல்ல (ஃபைல்ல சேமிச்சு வச்ச கலர்களோட பட்டியல்) பாருங்க, 'வேர்ட்'னு ஆரம்பிக்கிற பேர்ல ஒரு ஸ்வாட்ச் வந்து உக்காந்திருக்கும். அதை டெலீட் பண்ணுங்க, பதிலா எதைப் போடணும்னு கேக்கும், அடைப்புக்குறிக்குள்ள இருக்குற பிளாக்கைக் கொடுங்க, புத்தகம் முழுக்க ஒரே நொடியில மாறிடும். அதே பட்டியல்ல ரெஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்கும், அதுவும் பார்க்கறதுக்குக் கருப்புதான், தப்பித்தவறிக் கூட எழுத்துக்கு அதைக் கொடுக்காதீங்க, அது எல்லா பிளேட்லயும் நூறு நூறு சதவீதம் விழும், வெட்டுக்குறி மாதிரி அடையாளங்களுக்குன்னு இருக்குறது அது.

அப்புறம் விண்டோ மெனுல அவுட்புட், அதுக்குள்ள செபரேஷன்ஸ் பிரிவ்யூ. அதை ஆன் பண்ணி பிளாக் பிளேட்டை மட்டும் அணைங்க. எழுத்து எல்லாம் மறைஞ்சா சரி, எங்கயாவது ஒரு வரி மங்கலா மிச்சம் நின்னா அது நாலு கலர். ஸ்க்ரீனை நம்பி கருப்பை முடிவு பண்ணவே முடியாது, ஏன்னா இன்டிசைன்ல ஏற்கனவே இருக்குற செட்டிங்படி எல்லாக் கருப்பும் ஒரே கன்னங்கரேல்னுதான் தெரியும், பிரிஃபரன்சஸ்ல 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' போய் அக்யுரேட்டா காட்டச் சொன்னாதான் வித்தியாசம் கண்ணுல படும்.

இன்னொரு இடத்துலயும் மாட்டலாம். பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பண்றப்ப அவுட்புட் டேப்ல 'கன்வெர்ட் டு டெஸ்டினேஷன்' மட்டும் கொடுத்து, டெஸ்டினேஷன் புரொஃபைலும் உங்க டாக்குமென்ட் புரொஃபைலும் வேற வேறயா இருந்தா, நீங்க ஒழுங்கா வச்ச நூறு சதவீத பிளாக்கையும் அது நாலா உடைச்சுடும். பக்கத்துலயே 'பிரிசர்வ் நம்பர்ஸ்'னு சேர்ந்து வர்ற ஆப்ஷன் இருக்கு, அதைக் கொடுங்க. எக்ஸ்போர்ட் ஆன பிடிஎஃப்பை அக்ரோபேட்ல அவுட்புட் பிரிவ்யூல திறந்து இன்னொரு தரம் பிளேட் பார்த்துட்டு அனுப்புங்க, அச்சுக்குப் போறது அந்த ஃபைல்தானே.

கேள்வி: எழுத்தை செலக்ட் பண்ணி கலர் கொடுத்தா பின்னாடி இருக்குற பாக்ஸ்தான் கலர் ஆகுது. ஏன்?

பதில்: நீங்க எழுத்தை செலக்ட் பண்ணல, ஃப்ரேமை செலக்ட் பண்ணியிருக்கீங்க. ஸ்வாட்சஸ் பேனல் மேல ஒரு சின்ன டி எழுத்து இருக்கும், அதைக் கிளிக் பண்ணிட்டு கலர் கொடுங்க, இல்லன்னா கீபோர்டுல ஜே. ஃபில்லுக்கு பதிலா ஸ்ட்ரோக் முன்னாடி இருக்கான்னும் பாருங்க, ஓரக்கோட்டுக்குக் கலர் போய் எழுத்து தடிச்சு அசிங்கமா நிக்கறதுக்கு அதுதான் காரணம்.

கேள்வி: பாடப் புத்தகம் ஒண்ணு, தலைப்பு எல்லாம் நீலம். இப்ப அந்த நீலம் வேண்டாம் பச்சை வேணும்ங்கறாங்க. ஒவ்வொரு பக்கமா மாத்தறேன், முடியவே இல்ல. வேற வழி?

பதில்: இப்பவே நிறுத்துங்க. முதல்ல எல்லாத் தலைப்பும் ஒரே ஸ்வாட்ச்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த ஸ்வாட்சை டபுள் கிளிக் பண்ணி நம்பரை மாத்தினா போதும். கலர் பேனல்ல ஸ்லைடரை இழுத்து ஒவ்வொரு இடத்துலயும் கண்ணளவுல போட்டிருந்தீங்கன்னா ஸ்வாட்சஸ் மெனுல 'ஆட் அன்நேம்டு கலர்ஸ்' கொடுங்க, பேரில்லாம ஒளிஞ்சிருக்குற அத்தனை நீலமும் வெளிய வரும், ஒவ்வொண்ணா டெலீட் பண்ணி புது ஸ்வாட்சுக்கு மாத்திக்கலாம். ஸ்க்ரைபஸ்ல எடிட் மெனுலயே கலரை ரீப்ளேஸ் பண்ற வசதி இருக்கு.

அடுத்த புத்தகத்துல கலரை பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளயே வைங்க, 'கேரக்டர் கலர்'னு அதுல ஒரு பக்கமே இருக்கு. பத்திக்கு நடுவுல சில சொல்லுக்கு மட்டும் கலர் வேணும்னா கேரக்டர் ஸ்டைல் ஒண்ணு வச்சு அதுல கலரை மட்டும் நிரப்பி ஃபான்ட், சைஸ் எல்லாத்தையும் காலியா விடுங்க, அப்பதான் அது தலைப்புலயும் உக்காரும், அடிக்குறிப்புலயும் உக்காரும். ஸ்வாட்சுக்கு 'நீலம்'னு பேர் வைக்காம 'தலைப்பு'ன்னு வைங்க, நாளைக்குப் பச்சையா மாறினாலும் பேர் பொய்யாகாது.

கேள்வி: கருப்புப் பக்கத்துல வெள்ளை எழுத்து போட்டேன், அச்சுல புள்ளியெல்லாம் அடைஞ்சு மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யா தெரியுது. இங்க் அதிகமா?

பதில்: வெள்ளை எழுத்துன்னா அங்க வெள்ளை இங்க் கிடையாது, பேப்பரை விட்டுட்டு சுத்தி அடிக்கறாங்க. அடிச்ச இங்க் பேப்பர்ல கொஞ்சம் பரவத்தான் செய்யும், பரவினா முதல்ல சாகறது புள்ளி, அப்புறம் மெல்லிசான சுழி. நம்ம எழுத்துக்கு இது ரொம்பவே முக்கியம், புள்ளி போனா சொல்லே மாறிடுது. பின்னணிக்குக் கருப்போட மத்த மூணு இங்க்கும் சேர்த்திருந்தீங்கன்னா ரிஜிஸ்டர் விலகறதும், அதாவது பிளேட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராததும் சேர்ந்து எழுத்துக்குள்ள கலர் கசியும். பெரிய பரப்புக்கு சயான் 60, மெஜெந்தா 40, எல்லோ 40, பிளாக் 100னு ரிச் பிளாக் வைக்கறது வழக்கம்தான், ஆனா மேல சின்ன எழுத்து வருதுன்னா வெறும் பிளாக், இல்லன்னா கூட ஒரே ஒரு இங்க், அதோட நிறுத்திக்குங்க. நியூஸ்பிரிண்ட் மாதிரி உறிஞ்சுற பேப்பர்ல மொத்த இங்க் 240 சதவீதத்தைத் தாண்டாம பார்த்துக்கறது நல்லது. எழுத்து ஒரே தடிமன்ல ஓடுற ஃபான்டா, சாதாரணமா வைக்கறதை விட ஒரு பாயின்ட் பெருசா, கொஞ்சம் இடைவெளி விட்டு வைங்க.

கேள்வி: உடல் எழுத்தை (பத்தியில ஓடுற எழுத்து) 60 சதவீத கிரேல வச்சா மென்மையா இருக்கும்னு நினைக்கறேன். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கிரேங்கற இங்க் அங்க இல்ல, கருப்பைப் புள்ளி புள்ளியா உடைச்சுத்தான் கிரே வருது, எழுத்தோட ஓரம் பல்லு பல்லா போயிடும். வயசானவங்க படிக்கவே கஷ்டப்படுவாங்க, அவங்களும் நம்ம வாசகர்கள்தான். பெரிய தலைப்புக்கு தாராளமா வைங்க. உடல் எழுத்துல உண்மையாவே கிரே வேணும்னா ஸ்பாட் கலரா தனி இங்க் கலந்து ஓட்டச் சொல்லணும், அதுக்குத் தனி பிளேட் ஆகும்.

கேள்வி: படத்து மேல பாதியும் வெள்ளைப் பேப்பர் மேல பாதியுமா ஒரு பெரிய கருப்புத் தலைப்பு. அச்சுல பார்த்தா ஒரே எழுத்து ரெண்டு கருப்பா தெரியுது, ஸ்க்ரீன்ல அப்படி இல்ல.

பதில்: இன்டிசைன்ல அடைப்புக்குறி பிளாக் நூறு சதவீதத்துல இருந்தா ஓவர்பிரிண்ட் ஆகும், அதாவது கீழ இருக்குற படத்தை வெட்டாம அது மேலயே அடிக்கும். சின்ன எழுத்துக்கு இது வரம், ரிஜிஸ்டர் விலகினாலும் வெள்ளை இடுக்கு தெரியாது, அதனால அந்த செட்டிங்கை மொத்தமா எடுத்துடாதீங்க. உங்க தலைப்புக்கு மட்டும் 60, 40, 40, 100ல புதுசா ஒரு ஸ்வாட்ச் செஞ்சு கொடுங்க, அது கீழ இருக்கறதை வெட்டிட்டு உக்காரும், ரெண்டு பக்கமும் ஒரே கருப்பு. வியூ மெனுல ஓவர்பிரிண்ட் பிரிவ்யூவை ஆன் பண்ணா இதெல்லாம் முன்னாடியே தெரியும். இல்லஸ்ட்ரேட்டர்ல செஞ்ச விளம்பரம் வந்தாலும் அதே பிரிவ்யூல பாருங்க, கருப்பா இருந்தப்ப ஓவர்பிரிண்ட் கொடுத்த எழுத்தை அப்புறம் வெள்ளையா மாத்தியிருப்பாங்க, அந்த ஓவர்பிரிண்ட் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும், அச்சுல அந்த வரியே காணாமப் போயிடும். அப்படி இருந்தா செஞ்சவங்ககிட்ட சொல்லி அட்ரிபியூட்ஸ் பேனல்ல அந்த டிக்கை எடுக்கச் சொல்லி ஃபைலைத் திரும்ப வாங்கிக்குங்க.